முட்டையாக வரும் வட்டம், பாதியில் நகரும் வேலை: புது ஸ்பிண்டில் வாங்குவதற்கு முன்

பினாங்கு, பட்டர்வொர்த்தில் வீட்டுக்குப் பின்னால் சின்னப் பட்டறை வைத்திருக்கும் தம்பி ஒருவர் எழுதியிருக்கிறார். அவரிடம் 400-க்கு 400 மி.மீ. அளவுள்ள மலிவு விலை சி.என்.சி. ரவுட்டர் (கம்ப்யூட்டர் ஓட்டும் வெட்டு மெஷின்) ஒன்று இருக்கிறது. மோட்டார்களை ஓட்டும் ஜிஆர்பிஎல் போர்டு, அச்சை நகர்த்தும் டி8 லீட் ஸ்க்ரூ (8 மி.மீ. திருகுத் தண்டு), வெட்டும் பிட்டைச் சுழற்ற 24 வோல்ட் டிசி ஸ்பிண்டில். பெயர்ப் பலகையும் காவடித் தகடும் வெட்டுகிறார். பிரச்சினை மூன்று: வட்டம் வெட்டினால் முட்டையாக வருகிறது, வேலை பாதியில் இரண்டு மூன்று மி.மீ. நகர்ந்துபோகிறது, சில நாள் ஸ்பிண்டில் சுற்ற ஆரம்பித்ததுமே லேப்டாப் இணைப்பு அறுந்துவிடுகிறது. கையில் 1,500 வெள்ளி (ரிங்கிட்) இருக்கிறதாம். தண்ணீரால் குளிரும் 2.2 கிலோவாட் ஸ்பிண்டில் வாங்கலாமா, பால் ஸ்க்ரூ (நட்டுக்குள் குண்டுகள் உருளும் ஸ்க்ரூ) மாற்றலாமா, தைப்பூசத்துக்கு முன் ஆர்டரை முடிக்க வேண்டும் என்று கேட்கிறார்.

தம்பி, இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். நீங்கள் சொன்ன மூன்று பிரச்சினையில் ஒன்றைக்கூட ஸ்பிண்டில் தீர்க்காது. மூன்றாவதை இன்னும் மோசமாக்கும்.

இதை நான் பட்டுத்தான் சொல்கிறேன். பாயான் லெப்பாஸ் பக்கம் ஒரு தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் வேலை பார்த்தவன் நான். எல்லாம் தெரியும் என்ற நினைப்பில், ஜெலுத்தோங் வீட்டில் இருந்த என் சின்ன மெஷினுக்கு முதலில் வாங்கியதே 2.2 கிலோவாட் ஸ்பிண்டில்தான். 80 மி.மீ. தடிமன், ஐந்து கிலோவுக்குக் குறையாத எடை. குருவி தலையில் பனங்காய். கரண்டை அணைத்தால் ஸ்பிண்டிலை மேலும் கீழும் நகர்த்தும் இசட் அச்சு தானாகக் கீழே இறங்கி பிட் பலகையில் குத்தி நிற்கும். கேன்ட்ரி (ஸ்பிண்டிலைச் சுமக்கும் குறுக்குப் பாலம்) முன்பக்கம் சாய்ந்து, முன்பு ஓரளவு நேராக வெட்டிய மெஷின் வெட்டும் ஓரமெல்லாம் சரிவாக வந்தது. நான்கு மாதம் கழித்து அதைக் கழற்றிவிட்டுப் பழைய மோட்டாரையே மாட்டினேன்.

சரி, வட்டத்துக்கு வருவோம்.

முட்டையில் மூன்று வகை உண்டு. எந்த முட்டை என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. பிட்டைக் கழற்றிவிட்டு ஒரு பால்பாயிண்ட் பேனாவைக் கட்டுங்கள். பேனாவுக்குப் பின்னால் சின்ன ஸ்பிரிங் இருந்தால் காகிதம் கிழியாது. 100 மி.மீ. வட்டம் ஒன்று வரையுங்கள். பேனா போடும் வட்டம் சரியாக இருந்து, வெட்டும் வட்டம் மட்டும் கெட்டுப்போனால், கணக்கில் தப்பில்லை. வெட்டும் விசை தாங்காமல் ஏதோ ஒன்று வளைகிறது அல்லது ஆடுகிறது. பேனா வட்டமே கோணினால் கீழே உள்ளதைப் பாருங்கள்.

முட்டையின் நீளப் பக்கம் எக்ஸ் அல்லது ஒய் அச்சோடு ஒட்டிப் போனால் ஸ்டெப் கணக்கு தப்பு. ஜிஆர்பிஎல்லில் $$ என்று அடித்தால் $100, $101, $102 என மூன்று எண் வரும். அச்சு ஒரு மி.மீ. நகர மோட்டார் எத்தனை ஸ்டெப் போட வேண்டும் என்பதுதான் அவை. மோட்டார் ஒரு சுற்றுக்கு 200 ஸ்டெப், மைக்ரோஸ்டெப் (ஒவ்வொரு ஸ்டெப்பையும் துண்டாகப் பிரிப்பது) 16, ஸ்க்ரூ ஒரு சுற்றுக்கு 4 மி.மீ. நகர்த்தினால் 200 × 16 ÷ 4 = 800. உங்கள் ஸ்க்ரூ 8 மி.மீ. நகர்த்தும் வகை என்றால் 400. டி8 ஸ்க்ரூ இரண்டு வகையிலும் கிடைக்கிறது, ஆகவே அளந்து பார்த்துவிடுங்கள். வெர்னியரில் அளந்துவிட்டு 800-ஐ 806 என்றும் 793 என்றும் மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள் பலர். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஸ்க்ரூ அவ்வளவு தப்பாகச் செய்யப்படுவதில்லை. 100 மி.மீ.க்கு முக்கால் மி.மீ. குறைகிறது என்றால் குறைவது வேறு எங்கோ. அந்தத் தளர்வை எண்ணில் ஒளித்து வைத்தால் 100 மி.மீ. சரியாக வரும், 20 மி.மீ. தப்பாக வரும்.

வட்டம் மொத்தத்தில் சரியாக இருந்து, ஓரங்களில் மட்டும் சின்னச் சின்ன நேர்கோடு தெரிந்தால் அது தளர்வு. இடது வலது ஓரங்களில் என்றால் எக்ஸ், மேல் கீழ் ஓரங்களில் என்றால் ஒய். அந்த இடத்தில்தான் அச்சு திசை மாறுகிறது. மோட்டார் திரும்பிவிடும், நட்டுக்கும் ஸ்க்ரூவுக்கும் இடையில் உள்ள இடைவெளி நிரம்பும்வரை கேன்ட்ரி சும்மா நிற்கும். டயல் கேஜ் (நகர்வை ஊசியில் காட்டும் அளவி) ஒன்றைக் காந்தத் தாங்கியில் வைத்து கேன்ட்ரியில் முட்டவிட்டு, கம்ப்யூட்டரில் பொத்தானை அழுத்தி, ஒரு அழுத்தலுக்கு 0.1 மி.மீ.யாக ஒரே திசையில் நகர்த்துங்கள். ஊசி ஒழுங்காக நகர ஆரம்பித்ததும் திசையைத் திருப்புங்கள். இரண்டு தடவை அழுத்தியும் ஊசி அசையவில்லை என்றால் கிட்டத்தட்ட 0.2 மி.மீ. தளர்வு. ஜிஆர்பிஎல்லில் இதைச் சரிக்கட்டும் வசதி இல்லை, ஆகவே இரும்பில்தான் சரி செய்தாக வேண்டும்.

எல்லோரும் உடனே நட்டை மாற்றுவார்கள். அதற்கு முன் ஸ்க்ரூவையே கையால் பிடித்து, அதன் நீளவாக்கில் தள்ளி இழுத்துப் பாருங்கள். மலிவு மெஷின்களில் ஸ்க்ரூ முனையில் உள்ள பேரிங் அதைப் பக்கவாட்டில்தான் பிடிக்கும். முன்பின் போகாமல் தடுப்பது, மோட்டாரையும் ஸ்க்ரூவையும் இணைக்கும் வெறும் கப்ளிங். அதுவும் சுருள் வெட்டு போட்ட அலுமினிய கப்ளிங் என்றால் ஸ்பிரிங் மாதிரி நீளும், சுருங்கும். பேரிங்கை ஒட்டி இரண்டு பக்கமும் 8 மி.மீ. பூட்டு வளையம் போட்டு இறுக்கியதில் என் மெஷினில் பாதிக்கு மேல் தளர்வு போய்விட்டது. அதற்கு அப்புறமும் மிச்சம் இருந்தால் ஸ்பிரிங் வைத்த நட்டுக்குப் போகலாம். பால் ஸ்க்ரூ அதற்கும் பிறகு. ஸ்க்ரூவைப் பிடிக்கும் முனையே ஆடும்போது பால் ஸ்க்ரூ போட்டால் அதுவும் சேர்ந்து ஆடும்.

மூன்றாவது, முட்டை 45 டிகிரி சாய்ந்து படுத்திருந்தால் எக்ஸும் ஒய்யும் செங்குத்தாக இல்லை. உங்கள் வேலைக்கு இதுதான் முக்கியம் என்று நினைக்கிறேன். பழைய பலகையில் 300-க்கு 300 மி.மீ. சதுரத்தின் நான்கு மூலையிலும் 3 மி.மீ. துளை போடுங்கள். இரண்டு மூலைவிட்டத்தையும் அளங்கள். இரண்டும் சுமார் 424.3 வர வேண்டும். ஒன்று மற்றதைவிட 1 மி.மீ. நீளமாக வந்தால், 300 மி.மீ. நீளத்துக்கு 0.7 மி.மீ. சாய்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

ஒய் அச்சுக்கு இரண்டு பக்கமும் தனித்தனி மோட்டாரும் ஸ்க்ரூவும் இருந்தால் சரி செய்வது சுலபம். கரண்டை அணைத்துவிட்டு ஒரு பக்க ஸ்க்ரூவை மட்டும் கையால் திருப்ப வேண்டியதுதான். கேன்ட்ரி அகலம் 500 மி.மீ. என்றால் மேலே சொன்ன சாய்வுக்கு ஒரு பக்கத்தை 1.2 மி.மீ. நகர்த்த வேண்டும், 4 மி.மீ. ஸ்க்ரூவில் அது 0.3 சுற்று. சரி செய்தபின் இரண்டு பக்கமும் கேன்ட்ரி முட்டும் இடத்தில் கெட்டியான கட்டை ஒன்றைத் திருகி வையுங்கள். தினமும் மெஷினைப் போடுவதற்கு முன் கேன்ட்ரியைக் கட்டையோடு ஒட்டித் தள்ளிவிட்டு அப்புறம் சுவிட்சைப் போடுங்கள். இல்லையென்றால் கரண்ட் வரும்போது இரண்டு மோட்டாரும் ஆளுக்கு ஒரு இடத்தில் பிடித்துக்கொண்டு மறுபடி சாய்ந்துவிடும்.

காவடிக்கு இது ஏன் முக்கியம் என்றால், மயில் தகடு இடது ஒன்று, வலது ஒன்று என்று ஜோடியாக வரும். இரண்டையும் கண்ணாடி பிம்பமாக வரைந்து ஒரே மெஷினில் வெட்டினால் இரண்டும் ஒரே பக்கம் சாயும். ஜோடி சேர்த்துப் பிடிக்கும்போது 0.7 மி.மீ. பிழை 1.4 ஆகத் தெரியும். செதுக்கல் இல்லாத, இரண்டு முகமும் ஒரே மாதிரி இருக்கும் தகடாக இருந்தால் ஒரு தந்திரம் இருக்கிறது. ஒரே ஃபைலையே இரண்டு முறை வெட்டி, ஒன்றைப் புரட்டிப் போடுங்கள். சாய்வு இருந்தாலும் ஜோடி பொருந்திவிடும். தைப்பூசத்தில் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு ஏறும் கூட்டத்தில் யாரும் கோணமானி வைத்துப் பார்க்கப் போவதில்லை.

இனி பாதியில் நகரும் விவகாரம். எப்படி நகர்கிறது என்று கவனித்தீர்களா? திடீரென்று ஒரே தடவை நகர்ந்து, அதன்பின் எல்லாம் ஒழுங்காகப் போனால் கப்ளிங் வழுக்கியிருக்கும், அல்லது எங்கோ முட்டி மோட்டார் ஸ்டெப்பை விட்டிருக்கும். மோட்டார் தண்டு, கப்ளிங், ஸ்க்ரூ மூன்றின் மேலும் சேர்ந்தாற்போல் மார்க்கர் பேனாவால் ஒரே கோடு இழுத்துவிடுங்கள். அடுத்த முறை நகரும்போது கோடு உடைந்திருந்தால் குற்றவாளி கப்ளிங்கின் குட்டித் திருகு. அதைக் கழற்றி, எண்ணெய் துடைத்து, திருகு கழலாமல் பிடிக்கும் பசை ஒரு சொட்டு விட்டு இறுக்குங்கள். கோடு உடையாமல் இருந்தால் மோட்டார்தான் தோற்றிருக்கிறது.

ஒவ்வொரு அடுக்குக்கும் கொஞ்சம் கொஞ்சமாக ஒரே திசையில் நகர்ந்தால் டிரைவருக்கு (மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கும் சிப்) போகும் சிக்னலைச் சந்தேகப்படுங்கள். அரை மணி நேரம் நன்றாக ஓடிவிட்டு அப்புறம் நகர்ந்தால் சூடு. நம் ஊரில் தகரக் கூரைக்குக் கீழே, மத்தியானம் மூன்று மணிக்கு, மூடிய டப்பாவுக்குள் அந்த போர்டு என்ன பாடுபடும் என்று யோசியுங்கள். டிரைவர் சிப் அளவுக்கு மீறிச் சூடானால் ஒரு கணம் தானாக அணைந்து மறுபடி எழும். மோட்டார் அந்தக் கணத்தில் பிடியை விட்டுவிடும், கம்ப்யூட்டருக்கு அது தெரியவே தெரியாது. டப்பாவைத் திறந்து ஒரு மேசை விசிறியைத் திருப்பி வைத்து ஓட்டிப் பாருங்கள். நகரவில்லை என்றால் காரணம் கிடைத்துவிட்டது, 24 வோல்ட் குட்டி ஃபேன் ஒன்று போதும்.

மோட்டார் தோற்பது சூட்டால் இல்லை என்றால் முதலில் முடுக்கத்தைக் குறையுங்கள், $120, $121, $122. வேகத்தைவிட முடுக்கம்தான் ஸ்டெப்பை அதிகம் தின்கிறது என்பது என் அனுபவம். அதற்கும் அடங்காவிட்டால் டிரைவரின் கரண்ட். ஏ4988 டிரைவரில், கரண்டை அளக்கும் உணர் ரெசிஸ்டர் 0.1 ஓம் என்றால், அதன் குட்டித் திருகைத் திருப்பி 1 ஆம்பியருக்கு 0.8 வோல்ட் வைக்க வேண்டும். ரெசிஸ்டர் மதிப்பு போர்டுக்கு போர்டு மாறும், ஆகவே ரெசிஸ்டர் மேல் அச்சிட்டிருப்பதைப் படித்துவிட்டு, அதே விகிதத்தில் கணக்குப் போட்டு, அப்புறம் திருப்புங்கள். ஒரு எச்சரிக்கை: கரண்ட் இருக்கும்போது மோட்டார் வயரை ஒருபோதும் பிடுங்காதீர்கள். டிரைவர் அங்கேயே செத்துவிடும்.

எக்ஸும் ஒய்யும் சரியாக இருந்து, ஆழம் மட்டும் போகப் போகக் கூடினால் இசட் அச்சைத் திட்டாதீர்கள். சில்லை (வெட்டும்போது சிதறும் துகளை) மேலே இழுக்கும் சுருள் பிட், பிளைவுட்டில் தன்னைத் தானே கோலட்டிலிருந்து (பிட்டைக் கவ்விப் பிடிக்கும் வளையம்) வெளியே இழுத்துக்கொள்ளும். கோலட்டை முதலில் நட்டுக்குள் ‘க்ளிக்’ என்று அமர்த்திவிட்டுத்தான் ஸ்பிண்டிலில் மாட்ட வேண்டும். பலர் கோலட்டை ஸ்பிண்டிலுக்குள் போட்டு மேலே நட்டைத் திருகுகிறார்கள். பிட் ஆடும், பிடியும் இருக்காது. மெஷினோடு வரும் கோலட் பெரும்பாலும் சுமார்தான். நல்ல இஆர்11 கோலட் இரண்டு, 3.175-க்கு ஒன்று, 6-க்கு ஒன்று வாங்குங்கள். இந்தப் பட்டியலில் நான் தயங்காமல் செலவு செய்யச் சொல்வது இதற்குத்தான்.

லேப்டாப் இணைப்பு அறுவது. பிட் இல்லாமல், ஸ்பிண்டிலை அணைத்துவிட்டு, முழு வேலையையும் காற்றில் ஓட்டுங்கள். அப்போதும் அறுந்தால் கம்ப்யூட்டரில் பாருங்கள்: விண்டோஸ் மின்சாரம் மிச்சம் பிடிப்பதற்காக யூஎஸ்பி போர்ட்டைத் தூங்க வைக்கும் அமைப்பு ஒன்று உண்டு, அதை நிறுத்துங்கள். லேப்டாப் தூங்கப் போவதையும் நிறுத்துங்கள். காற்றில் ஒழுங்காக ஓடி, ஸ்பிண்டில் சுற்றினால் மட்டும் அறுந்தால் அது மின் இரைச்சல். உங்களுடையது கரி பிரஷ் வைத்த டிசி மோட்டார், ஒவ்வொரு சுற்றுக்கும் உள்ளே பொறி பறக்கிறது. மோட்டாரின் இரண்டு முனைக்கும் நடுவே ‘104’ என்று அச்சிட்ட செராமிக் கபாசிட்டர் ஒன்று, ஒவ்வொரு முனையிலிருந்தும் மோட்டார் உடம்புக்கு ஒன்று, மொத்தம் மூன்று பற்றவையுங்கள். 50 வோல்ட்டுக்குக் குறையாததாக இருக்கட்டும். ஸ்பிண்டில் வயரையும் யூஎஸ்பி வயரையும் ஒரே சங்கிலிக் குழாயில் போடாதீர்கள். யூஎஸ்பி கேபிள் குட்டையாக, இரண்டு முனையிலும் இரைச்சலைத் தடுக்கும் ஃபெரைட் உருளை வைத்ததாக இருக்க வேண்டும். இன்னும் அறுந்தால், லேப்டாப்பையும் போர்டையும் மின்சாரத்தில் பிரித்து வைக்கும் யூஎஸ்பி ஐசோலேட்டர்.

வேலை நடுவில் காரணமே இல்லாமல் ‘அலார்ம் 1’ வந்து நின்றாலும் இதே கதைதான். அச்சு எல்லையைத் தொட்டால் மெஷினை நிறுத்தும் லிமிட் சுவிட்சின் வயர் அந்த இரைச்சலை வாங்கிக்கொண்டு, சுவிட்ச் அமுங்கியதாகப் போர்டிடம் பொய் சொல்கிறது. இந்தச் சுவிட்சைக் கவனிக்கும் அமைப்பான $21-ஐ அணைத்துவிட்டு ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். அதைவிட, அமுங்காதபோது மின்சுற்று மூடியிருக்கும் வகைச் சுவிட்சாக மாற்றி, கவசம் போட்ட வயர் இழுத்து, கவசத்தை ஒரு முனையில் மட்டும் எர்த்தோடு சேர்ப்பது நல்லது.

எர்த் என்றதும் ஒன்று. உங்கள் பட்டறை வீட்டோடு பின்னால் ஒட்டுப்போட்டது என்றால் அங்கே உள்ள பிளக்கில் எர்த் உண்மையாகவே இருக்கிறதா என்று லைசென்ஸ் உள்ள வயர்மேன் ஒருவரை வைத்துப் பார்த்துவிடுங்கள். மூன்று துளை இருப்பதால் மூன்றாவது துளைக்குப் பின்னால் வயர் இருக்கும் என்று சொல்ல முடியாது. மெஷினின் அலுமினியச் சட்டத்தையும் எர்த்தோடு சேருங்கள். அவசர நிறுத்தப் பொத்தான் ஒன்று கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும். அது சாஃப்ட்வேருக்குச் செய்தி அனுப்பும் பொத்தானாக இல்லாமல், ஸ்பிண்டில் கரண்டை நேராக வெட்டுவதாக இருக்க வேண்டும்.

2.2 கிலோவாட் ஸ்பிண்டில் வாங்கினால் என்ன ஆகும் என்பதும் இங்கேதான் வருகிறது. அதற்கு இன்வெர்ட்டர் (ஸ்பிண்டிலின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் விஎஃப்டி) வேண்டும். அது முழுச் சுமையில் 13 ஆம்பியர் பிளக்கைத் தாண்டி இழுக்கும், தனி லைன் போட வேண்டும். அதன் ஃபில்டர் எர்த்துக்குக் கொஞ்சம் கரண்டைக் கசியவிடும். 30 மில்லி ஆம்பியர் இஎல்சிபி (கரண்ட் கசிந்தால் அணைக்கும் சுவிட்ச்) போட்ட வீட்டில், உள்ளே ஃபிரிட்ஜும் ஏர்கானும் கசியவிடுவதோடு இதுவும் சேர்ந்து வீடே இருட்டாகும். வீட்டில் அம்மா சீரியல் பார்க்கும் நேரத்தில் எனக்கு அது நடந்தது, மேலே சொல்ல வேண்டாம். இஎல்சிபியைக் கழற்றிவிட்டால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் அவரிடம் வேலை கொடுக்காதீர்கள்.

இவ்வளவும் செய்து, அதன்பின்னும் சக்தி போதவில்லை என்றால் 65 மி.மீ. உடம்புள்ள மரவேலை டிரிம்மர் ஒன்றை மாட்டுங்கள். மக்கிட்டா ஆர்டி0700 வகை. சுமார் 700 வாட், எடை இரண்டு கிலோவுக்குள். இன்வெர்ட்டர் தேவையில்லை. சத்தம் அதிகம், பிரஷ் தேயும், 10,000 சுற்றுக்குக் கீழே போகாது. மரத்துக்கும் அக்ரிலிக்குக்கும் அது போதும்.

நிறைய நேரம் ‘சக்தி போதவில்லை’ என்பது வேகக் கணக்கு தப்பியதுதான். சுற்று × பிட்டின் வெட்டு முனை எண்ணிக்கை × ஒரு முனை எடுக்கும் சில்லின் தடிமன். 10,000 சுற்று, இரண்டு முனை, 0.02 மி.மீ. சில் என்றால் நிமிடத்துக்கு 400 மி.மீ. பயந்துகொண்டு 100-இல் ஓட்டினால் பிட் வெட்டாமல் தேய்க்கும். அக்ரிலிக் உருகி ஒட்டும், பிளைவுட் கருகும். அக்ரிலிக் என்றால் வார்ப்பு (காஸ்ட்) வகையைக் கேட்டு வாங்குங்கள், ஒற்றை முனை பிட் போடுங்கள். அலுமினியத் தகட்டுக்கும் ஒற்றை முனைதான், ஒரு அடுக்கில் 0.2 மி.மீ.க்கு மேல் உங்கள் மெஷினிடம் கேட்காதீர்கள், சில்லைக் காற்றடித்து வெளியேற்றிக்கொண்டே இருங்கள்.

பெயர்ப் பலகைக்கு ஒரு விஷயம். தமிழ் எழுத்தில் சுழி அதிகம். ‘ண’, ‘ஞ’, ‘ணை’ எல்லாம் சின்ன அளவில் 3 மி.மீ. பிட்டுக்கு அடங்காது, உள்சுழி அடைத்துப்போகும். முனை வி வடிவில் இருக்கும் வி பிட்டில்தான் அழகு வரும். ஆனால் வி பிட் பலகையின் மேடு பள்ளத்தை மன்னிக்காது. 90 டிகிரி பிட்டில் ஆழம் 0.3 மி.மீ. கூடினால் கோட்டின் அகலம் 0.6 மி.மீ. கூடும். 60 டிகிரியில் ஏறக்குறைய 0.35. அதனால்தான் பலகையின் ஒரு மூலையில் எழுத்து தடித்தும் மறு மூலையில் மெலிந்தும் வருகிறது. வேலைக்கு அடியில் உள்ள எம்.டி.எஃப். (மரத்தூளை அழுத்திச் செய்த) பலகையை மெஷினிலேயே ஒரு சுற்று சீவிவிடுங்கள். நம் ஊர் ஈரத்தில் எம்.டி.எஃப். உப்பும், போன மாதம் சீவியதை நம்பி இந்த மாத ஆர்டரை வெட்டாதீர்கள். சீவியபின் கோடுகள் படிக்கட்டு மாதிரி கைக்குத் தட்டுப்பட்டால் ஸ்பிண்டில் சாய்ந்திருக்கிறது. குளிர்பானக் கேனின் தகடு சுமார் 0.1 மி.மீ. இருக்கும், அதை வெட்டி ஸ்பிண்டில் தாங்கிக்குப் பின்னால் சொருகிச் சரி செய்யலாம். என் மெஷினில் நூறு பிளஸ் கேன் ஒன்று ஐந்து வருஷமாக உட்கார்ந்திருக்கிறது.

துருவும் அதே ஈரத்தால்தான். வழித்தண்டுகளுக்கு தையல் மெஷின் எண்ணெய் மெல்லிசாகத் தடவினால் போதும். டபிள்யூடி-40 துடைப்பதற்கு நல்லது, அதையே மசகாக நம்பினால் ஒரு வாரத்தில் காய்ந்துவிடும். தூசியை உறிஞ்சாமல் எம்.டி.எஃப். வெட்டாதீர்கள், மெஷினுக்காக மட்டும் சொல்லவில்லை. மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக வகைப்படுத்தியிருக்கிறார்கள். முகக்கவசம் போடுங்கள்.

ஆகவே 1,500 வெள்ளியில் இப்போது டயல் கேஜ், கோலட், பூட்டு வளையங்கள், நல்ல யூஎஸ்பி கேபிள், கபாசிட்டர், அவசரப் பொத்தான், ஒரு எம்.டி.எஃப். பலகை. வயர்மேன் கூலி. மிச்சத்தைத் தொடாமல் வையுங்கள். இந்த வாரம் பேனா வட்டத்தையும் நான்கு துளைகளையும் போட்டுப் பார்த்துவிட்டு, இரண்டு மூலைவிட்ட அளவையும் கேன்ட்ரி அகலத்தையும் எழுதுங்கள். எந்தப் பக்க ஸ்க்ரூவை எவ்வளவு திருப்ப வேண்டும் என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.